அந்த ஸ்டூல் உங்களுக்குத்தான்

ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, சூப்பர் மார்க்கெட் என்று தமிழ்நாட்டின் கடைகளில் நின்றபடியே வேலை பார்க்கும் விற்பனைப் பணியாளர்களுக்கு,



இரவு ஒன்பதரை மணிக்குக் கடைசி வாடிக்கையாளர் பில் போட்டுவிட்டுப் படியிறங்கிய பிறகும் சேலைப் பிரிவில் வேலை ஓய்வதில்லை. அன்றைக்குப் பிரித்துக் காட்டிய சேலைகள் கவுன்ட்டர் மேல் குவிந்து கிடக்கும். ஒரு பெண் ஒவ்வொன்றையும் உதறி, முந்தி வெளியே தெரியும்படி மடித்து, அட்டையைச் செருகி, உறைக்குள் நுழைத்து, ரகம் பார்த்து அடுக்குவார். கவுன்ட்டர் கொஞ்சம் தாழ்வு என்பதால் ஒவ்வொரு மடிப்புக்கும் முதுகு ஒருமுறை வளைகிறது. கைதான் ஓயாமல் அசைகிறது; கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுநடுவே வலது காலிலிருந்து இடது காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொள்வார், அவ்வளவுதான். விடுதிக்குப் போனதும் கெண்டைக்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுப்பார். மறுநாள் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீரென்று குத்தும். நாலு அடி நடந்தால் விட்டுவிடும் என்பதால் யாரிடமும் சொல்வதில்லை.

இந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியும். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலும், மதுரை விளக்குத்தூண் பக்கத்திலும், கோவை ஒப்பணக்கார வீதியிலும், திருச்சி என்.எஸ்.பி. ரோட்டிலும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அவர் இருக்கிறார். 2010இல் வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’ வந்த பிறகு அவருடைய வாழ்க்கை ஊருக்கே ஓரளவு தெரிந்தது. அவருடைய கால் வலி மட்டும் இன்னும் அவரோடுதான் இருக்கிறது.

நிற்பது இந்தத் தொழிலோடு கூடப் பிறந்ததல்ல. பழைய பட்டுக்கடைகளில் தரையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை இருக்கும். விற்பவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். வாங்க வந்த குடும்பம் எதிரே உட்கார்ந்திருக்கும். பையன் ஒருவன் எடுத்துப் போடப் போட, சேலைகள் நடுவில் விரியும். கண்ணாடிக் கவுன்ட்டரும் அடுக்கு மாடிகளும் வந்தபோது வாடிக்கையாளருக்கு ஸ்டூல் கிடைத்தது, விற்பவர் எழுந்து நின்றார். உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு, சோம்பேறித்தனம் என்ற எண்ணமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

பிசியோதெரபி படித்தவர்கள் இந்த வலியைப் பற்றிச் சொல்வதில் இரண்டு செய்திகள் உண்டு. காலைக் கெடுப்பது நிற்பதைவிட அசையாமல் நிற்பதுதான் என்பது ஒன்று. ஆகவே ஒரு பங்கு வலியை நீங்களே, கவுன்ட்டரை விட்டு நகராமலே குறைத்துக்கொள்ளலாம். மீதியைக் குறைக்க ஓர் இருக்கை வேண்டும் என்பது மற்றொன்று. முதல் செய்தியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தும் அறிவுரைகள் ஏராளம். உடற்பயிற்சி செய்யாதது உங்கள் குற்றம் என்பது போல அவை முடிந்துவிடும். இந்த மடலில் இரண்டும் உண்டு.

காலுக்கு இறங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்ப வேண்டுமானால் நாலடி உயரம் ஏறியாக வேண்டும். அதை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி, உள்ளே ஓடும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய ரத்தம் திரும்பி இறங்காதபடி சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. மருத்துவர்கள் கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று சொல்வது இதனால்தான். ஆடாமல் அசையாமல் நின்றால் இந்தப் பம்பு ஓடாது. அப்போது கணுக்கால் பக்கத்துச் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏறி நிற்கும். நடக்கத் தொடங்கினால் சில அடிகளிலேயே 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். தெருத் தெருவாக நடக்கும் தபால்காரரின் காலும் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவரின் காலும் ஒரே அளவு நேரம் தரையில் இருந்தாலும், உள்ளே நடப்பது வேறு.

வருடக்கணக்கில் அந்த அழுத்தம் தொடர்ந்தால் வால்வுகள் தளர்கின்றன, சிரைகள் புடைத்துச் சுருள்கின்றன. ஊரில் நரம்பு சுருட்டு என்பார்கள். மருத்துவமனைச் சீட்டில் வெரிகோஸ் வெயின் என்று எழுதுவார்கள். டென்மார்க்கில் 9,653 பேரை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2005இல் வெளியானது. பெரும்பாலும் நின்றே வேலை செய்தவர்கள் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர வேண்டி வந்தது மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 7,300 தொழிலாளர்களை அதே போல 12 ஆண்டுகள் கவனித்தார்கள். நின்று செய்யும் வேலையில் இருந்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு, உட்கார்ந்து வேலை செய்பவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரியவந்தது. கால் வலி காலோடு நிற்பதில்லை.

“சின்ன வயசுதானே, நின்னா என்ன ஆகிடும்?” என்று மேற்பார்வையாளர்கள் கேட்பதுண்டு. இதற்கு சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் நடந்த ஒரு சோதனை பதில் சொல்கிறது. இளைஞர்களையும் ஐம்பதைத் தாண்டியவர்களையும் நடுவே சிறு இடைவேளைகளோடு ஐந்து மணி நேரம் நின்று வேலை செய்ய வைத்து, காலின் தசைச் சோர்வைக் கருவி வைத்து அளந்தார்கள். வேலை முடிந்து அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகும் தசை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சோர்வு போய்விட்டதாக அவர்களுக்குத் தோன்றியது. கருவி இல்லை என்றது. இதில் இளசு, பெரிசு என்ற வித்தியாசமும் இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700இல் வெளியிட்ட தொழில் நோய்கள் பற்றிய நூலில், நின்று வேலை செய்பவர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கி, அவர்களுடைய காலில் சிரைகள் புடைப்பதையும் புண் வருவதையும் எழுதினார். நடுநடுவே உட்காரவோ நடக்கவோ விட வேண்டும் என்பது அவர் சொன்ன வைத்தியம். முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அதைவிட நல்ல வைத்தியம் வரவில்லை.

இனி, கவுன்ட்டருக்குப் பின்னால் என்ன செய்யலாம் என்பதைப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதலில் குதிகால் தூக்குதல். கவுன்ட்டர் விளிம்பை லேசாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு குதிகாலையும் மெதுவாக உயர்த்தி, ஒரு நொடி நிறுத்தி, மெதுவாகவே இறக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை 15 முறை போதும். வாடிக்கையாளர் இரண்டு கலரில் எதை எடுப்பது என்று யோசிக்கும் நேரத்தில் இது முடிந்துவிடும். எதிரே இருப்பவருக்குத் தெரியவும் தெரியாது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் மேலே சொன்ன பம்பு ஒரு சுற்று ஓடுகிறது. ராக்குக்கும் கவுன்ட்டருக்கும் நடுவில் நாலடி இடம் இருந்தால் அதற்குள் முன்னும் பின்னும் நடப்பதும் இதே பலனைத் தரும்.

அடுத்தது ஒரு பலகை. அரை அடிக்கு மிகாத உயரத்தில் ஒரு மரப்பலகையைக் காலடியில் போட்டு, ஒரு பாதத்தை அதன்மேல் வைத்து நிற்பது. கால் மணி நேரம் கழித்துக் காலை மாற்றுவது. ஒரு கால் உயர்ந்திருக்கும்போது இடுப்பின் உட்குழிவு குறைந்து கீழ்முதுகு தளர்கிறது. முட்டியைப் பின்னுக்குத் தள்ளி விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நிற்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை விட்டு, முட்டியை லேசாக நெகிழ்த்தி நிற்பது நல்லது.

பாதத்தின் கீழே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். பல கடைகளில் வெறுங்காலோடு கிரானைட்டிலோ டைல்ஸிலோ நிற்க வேண்டியிருக்கிறது. செருப்பு அனுமதி உண்டென்றால் தட்டையான ரப்பர் செருப்பைவிட, குதிகால் பக்கம் மெத்தென்றும் நடுவில் வளைவுக்குத் தாங்கலும் உள்ள காலணி நல்லது. அனுமதி இல்லையென்றால் கவுன்ட்டருக்குப் பின்னால் ஓர் அங்குல கனமுள்ள ரப்பர் விரிப்பைக் கேட்கலாம். நரம்பு சுருட்டு ஏற்கெனவே இருப்பவர்களுக்கு டாக்டர் இறுக்கமான காலுறை எழுதிக் கொடுப்பார். அதைக் காலையில் கால் வீங்குவதற்கு முன்பே மாட்ட வேண்டும். மத்தியானம் வலி வந்த பிறகு மாட்டுவதில் பாதிப் பலன்தான். சர்க்கரை நோயோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. கர்ப்பிணிகளுக்குச் சிரைகள் இன்னும் எளிதாகப் புடைக்கும் என்பதால், மேலே சொன்ன எல்லாமே அவர்களுக்கு இரட்டிப்பு அவசியம்.

குதிகால் வலிக்கு வருவோம். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் பட்டையான திசு ஓயாத பாரத்தால் நொந்துபோவதுதான் காரணம். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு வளர்ந்திருக்கிறது என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். அந்த வளர்ச்சி வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன், காலை மடித்து மறு தொடைமேல் போட்டு, கையால் கால்விரல்களைப் பின்னோக்கி வளைத்து 10 நொடி பிடிக்க வேண்டும். இப்படி 10 தடவை. அந்த முதல் அடியின் குத்தல் இதிலேயே கணிசமாகக் குறையும்.

வலி விரைவாகக் குறைய அந்தத் திசுவுக்குப் பலம் ஏற்ற வேண்டும். டென்மார்க்கில் 48 பேரிடம் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டிய முறை இது: படியின் விளிம்பில் நின்று, கால்விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, மூன்று நொடியில் குதிகாலைத் தூக்கி, இரண்டு நொடி நிறுத்தி, மூன்று நொடியில் இறக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். வெறும் இழுப்புப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இவர்களுக்கு மூன்று மாதத்தில் வலி அதிகம் குறைந்திருந்தது. ஒரு வருடம் முடிந்தபோது இரண்டு பிரிவினரும் சமநிலைக்கு வந்துவிட்டார்கள். ஆகவே இது மந்திரமல்ல. மூன்று மாதத்தில் கிடைக்க வேண்டிய நிம்மதிக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் இதன் லாபம்.

முதுகு வலியில்தான் தவறான வைத்தியம் அதிகம். கிடங்கிலிருந்து வந்த பண்டலைத் தூக்கியபோது பிடித்துக்கொண்டது என்றால் வீட்டில் உடனே சொல்வது “ஒரு வாரம் படுத்துக்கோ” என்பது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேருக்குத் திடீர் முதுகு வலி வந்தபோது அவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு; ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி; மூன்றாவது பிரிவுக்கு, வலி விடுகிற அளவுக்கு வழக்கமான வேலைகள். 1995இல் வெளியான முடிவின்படி சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாவது பிரிவினர். படுத்துக் கிடந்தவர்கள்தான் கடைசி. இதைச் சாக்காக வைத்து, வலியோடு இருப்பவரைப் பத்து மணி நேரம் நிறுத்தலாம் என்று எந்த முதலாளியும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடப்பது, உட்காருவது, லேசாகக் குனிந்து நிமிர்வது என்று உடம்பு மாறிமாறி அசைய வேண்டும் என்பதே இதன் பொருள்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது என்பது அந்நிறுவனம் சொல்லும் கணக்கு. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், கையால் செய்யும் சிகிச்சை ஆகியவை அந்த வழிகாட்டுதலின் பரிந்துரைகளில் உண்டு. வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று அது விலக்கியவற்றில் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மூன்று உண்டு: இடுப்பு பெல்ட், இடுப்பை இழுத்துக் கட்டும் டிராக்‌ஷன், கரண்ட் வைப்பது என்று சொல்லப்படும் மின் சிகிச்சை. பிசியோதெரபிக்குப் போய் பத்து நாள் கரண்ட் மட்டும் வைத்துவிட்டு வந்தால் அரைகுறைச் சிகிச்சைதான் கிடைத்திருக்கிறது. எனக்கு என்ன பயிற்சி, எத்தனை தடவை, எப்போது கூட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையிலேயே செய்யக்கூடியது ஒன்று: இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் வைத்து, முட்டியை மடக்காமல் மெதுவாகப் பின்னால் சாய்ந்து நிமிர்வது. நெடுநேரம் குனிந்து மடித்த பிறகு ஐந்தாறு தடவை செய்தால் முதுகு விட்டுக்கொடுக்கும். காலுக்குள் வலி இறங்குகிறது என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். வீட்டில் வாரம் மூன்று நாள், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 10 தடவை. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவது 10 தடவை. இரண்டையும் முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. தொடையும் பிட்டமும் பலமாக இருந்தால் பண்டலைத் தூக்கும் பாரம் முதுகின் தலையில் மட்டும் விழாது.

தூக்கும்போது பண்டலை வயிற்றோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். ஒருவர் இரண்டு முறை எடுத்தாலும் சரி, இருவர் சேர்ந்து எடுத்தாலும் சரி, ஒரே மூச்சில் தூக்குவதைவிட அது நல்லது. மேல்தட்டிலிருந்து சேலையை எக்கி இழுப்பதுதான் தோள்பட்டை வலிக்கு மூலம்; ஏணி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி எடுக்க ஆகும் அரை நிமிடத்தில் வியாபாரம் போய்விடாது. அடிக்கடி கேட்கப்படும் ரகங்களை மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள தட்டுகளுக்கு மாற்றினால் ஏறவே வேண்டாம்.

பயிற்சி செய்யும்போது வலிக்கிறதே என்று பலர் இரண்டாம் நாளே விட்டுவிடுகிறார்கள். பிசியோதெரபிஸ்ட்கள் இதற்கு ஓர் எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தாங்கவே முடியாத வலிக்கு 10 என்று வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது 3 அல்லது 4 வரை வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். பயிற்சியையே கைவிட வேண்டியதில்லை.

வெந்நீர் ஒத்தடம், தைலம், நீவிவிடுவது எல்லாம் அன்றைய இரவுக்கு நிம்மதி தரும், தாராளமாகச் செய்யலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் மட்டும் சூட்டைக் கையால் பார்த்துவிட்டு வைக்க வேண்டும். படுப்பதற்கு முன் காலைச் சுவரில் உயர்த்திச் சாய்த்து 15 நிமிடம் கிடந்தால் வீக்கம் இறங்கும். மெடிக்கல் ஷாப்பில் “கால் வலிக்கு ரெண்டு” என்று கேட்டு வாங்கும் மாத்திரைதான் ஆபத்து. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைச் சாப்பிடாத வயிற்றில் மாதக்கணக்கில் விழுங்கினால் குடலில் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் என்று வரிசையாக வரலாம். கழிவறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்பவர்களுக்குச் சிறுநீரக ஆபத்து இன்னும் அதிகம்.

பயிற்சியால் தீராத, தள்ளிப்போடவே கூடாத சில அறிகுறிகள் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் அது சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அந்தக் காலை நீவக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடவே மூச்சு வாங்கினால் 108ஐ அழையுங்கள். முதுகு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் துவண்டு போவது ஆகியவையும் அவசரம்தான். புடைத்த சிரை உடைந்து ரத்தம் பீறிட்டால் படுத்துக் காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆள் வரும்வரை விடாமல் இருக்க வேண்டும்.

இவ்வளவும் நீங்கள் செய்யக்கூடியவை. ஆனால் நாள் முழுக்க நிறுத்திவைத்துவிட்டு, குதிகாலைத் தூக்கு என்று சொல்வது நியாயமாகாது. இதை உலகம் வெகு காலமாகவே அறியும். பிரிட்டனில் 1899இலேயே கடைப் பெண்களுக்கு இருக்கை தரும் சட்டம் வந்தது. மூன்று பேருக்கு ஓர் இருக்கை கட்டாயம் என்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1964இல் கொண்டுவந்த 120ஆம் உடன்படிக்கை, கடைகளிலும் அலுவலகங்களிலும் போதுமான இருக்கை இருக்க வேண்டும், அதில் உட்கார வாய்ப்பும் தர வேண்டும் என்றது. இந்தியாவில் 1948இன் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 44ஆம் பிரிவில் சொன்னது. இங்கே கடை ஊழியர்களைத்தான் எல்லோரும் மறந்தார்கள்.

அந்த மறதியைக் கலைத்தவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் பெண்கள். கழிவறை கேட்டுத் தொடங்கிய அவர்களுடைய போராட்டம் உட்காரும் உரிமையில் வந்து நின்றது. தையல் தொழிலாளியான விஜி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் மூலம் அவர்களைத் திரட்டினார். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது; அதே ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். அதன்படி 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் ஏற்ற இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்கிறது அது. நாலு மணி நேர வேலைக்கு மேல் போவதென்றால் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும் என்ற விதி அந்தச் சட்டத்தில் ஏற்கெனவே உண்டு.

சட்டம் வந்த பிறகு சில கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது. சிலவற்றில் அந்த ஸ்டூலின் மேல் சேலைக் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்டூல் இருந்தும், உட்கார்ந்தால் கேமராவில் பார்த்து மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்ற பயத்தில் யாரும் உட்காராத கடைகளும் உண்டு. சட்டம் இருக்கையை மட்டும் சொல்லவில்லை, உட்காரும் வாய்ப்பையும் சேர்த்தே சொல்கிறது. மேற்பார்வையாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்; அவர்களும் நின்று நின்று காலைக் கெடுத்துக்கொண்டவர்கள்தான். முழு உயர நாற்காலிக்கு இடமில்லை என்றால், பாதி சாய்ந்து பாதி நிற்கும்படியான உயர ஸ்டூல் ஒன்றரை அடி இடத்தில் அடங்கும். ஒரே ஆளை நாள் முழுக்க மடிப்பில் நிறுத்தாமல், இரண்டு மணிக்கொரு தடவை பில்லிங், பேக்கிங், காட்சி என்று மாற்றிவிடுவதற்குச் செலவே இல்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் அதற்காகப் பிடிக்கப்படுகிறது. முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்டுகிறார். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் கையில் இ.எஸ்.ஐ. எண் இல்லாதவர்கள் கேட்டு வாங்குங்கள். ஆறு வாரம் பயிற்சி செய்தும் அடங்காத வலிக்கு இ.எஸ்.ஐ. மருந்தகம் வழியாகப் பிசியோதெரபிக்குப் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. ஊரில் நடமாட முடியாமல் கிடக்கும் அப்பா அம்மா இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார்.

அடுத்த ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வருவதற்குள் உங்கள் பிரிவில் எத்தனை பேர் நிற்கிறீர்கள், எத்தனை இருக்கை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால் 22-ஏ பிரிவைக் குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ஒருவர் மட்டும் போய்க் கேட்டால் அவர்மேல்தான் கண் விழும். பிரிவில் இருக்கிற எல்லோரும் கையெழுத்துப் போட்டு, சேர்ந்தே போய்க் கேளுங்கள்.